தடுமம் காப்பாற்றியதா? அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில் ஆறு பேர், மே 2021

விரலில் வாழைக்கறை இருந்தது. ஆக்ஸிமீட்டர் 86 என்று காட்டியதும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அந்தக் கறை மேல்தான். தார் வெட்டுகிறவர் நகத்தில் ஏறிய கறை லேசில் போகாது. நகப்பூச்சு போட்ட விரலில் கருவி ஏமாற்றுவதுபோல இதிலும் ஏமாற்றலாம். விரல் விரலாக மாற்றிப் பார்த்தேன். கறை குறைவாக இருந்த இடது சுண்டுவிரலில் 87. மூச்சு நிமிடத்துக்கு 30. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், பதினொன்றில் நின்றுவிட்டார்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரய்யா. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்றார் பெரியவர். திண்ணைத் தூணில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் பின்னால் கஞ்சி டம்ளரோடு மருமகள் நின்றிருந்தார். ஒரு வாரமாக மாமனாருக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். பரிசோதனையில் அவருக்கும் கொரோனா உறுதியாகியிருந்தது, ஆனால் ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. மே 20, வியாழக்கிழமை. ஒரே வீடு, ஒரே வைரஸ், ஒருவர் ஆக்சிஜனுக்குத் தவிக்க இன்னொருவர் அடுக்களையில் நிற்கிறார். இது ஏன் என்று அன்றைக்கே ஒரு விளக்கம் என் மனதில் ஓடியது: முன்பு வந்த தடுமம், அதாவது சாதாரணச் சளி, மருமகளைக் காத்திருக்குமோ? பிறகு அந்த விளக்கத்தை நானே பாதி திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. இந்த எழுத்து அதைப் பற்றியது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வீடும் ஆட்களும்

தாமிரபரணி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் ஊர். பிசானம் அறுப்பு முடிந்து, கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த மாதம். வீடு பழைய வாக்கு: திண்ணை, பட்டாசல், உள்ளே ஒரு அறை, அடுக்களை, கொல்லை. காற்று வருகிற சன்னல் பட்டாசலில் மட்டும்தான்.

பெரியவருக்கு வயது 67, சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். அவர் மனைவி, அதாவது ஆச்சி, 62; சர்க்கரையோ அழுத்தமோ கிடையாது. மகன் 39, குட்டியானை வண்டியில் வாழைத்தார் ஏற்றி திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு ஓட்டுபவர். மருமகளுக்கு 33, தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைத் திண்ணையில் உட்காரவைத்து டியூஷன் எடுப்பவர். பேரன் 9, பேத்தி 5. ஒருவருக்கும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அறுபதுக்கு மேலானவர்களுக்கு மார்ச் 1 முதலே போட்டுக்கொண்டிருந்தார்கள். "அறுப்பு முடியட்டும்" என்று பெரியவர் தள்ளிப்போட்டார், அவரைப் பார்த்து ஆச்சியும்.

வைரஸ் வந்தது மகனோடு. மே 9 ஞாயிறு இரவு காய்ச்சல். மறுநாள்தான் முழு ஊரடங்கு. மூன்றாம் நாள் ஒரு லேபில் அட்டைப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், டெங்குவுக்கு எதிரான ஐஜிஎம் ஆன்டிபாடி பாசிட்டிவ். வீடே நிம்மதி அடைந்தது. 2012-இல் டெங்கு இந்த மாவட்டத்தை எப்படி உலுக்கியது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனாலும் அந்த மே மாதத்தில் டெங்கு என்றால் தப்பித்தோம் என்று அர்த்தம். நிலவேம்புக் குடிநீரோடு பட்டாசலில், அப்பாவுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். அதே ரத்தத்தில், உண்மையான டெங்கு என்றால் முதல் நாட்களில் தெரியக்கூடிய என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் நெகட்டிவாக வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொரோனா நோயாளிக்கு டெங்கு அட்டை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம் என்பது 2020 தொடக்கத்திலேயே சிங்கப்பூரில் இரண்டு நோயாளிகளிடம் பார்த்து எழுதப்பட்ட விஷயம். என்னிடம் முன்னமே வந்திருந்தால் நான் கவனித்திருப்பேன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வாரம் நான் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு எப்படிப் போனது

மகனுக்கு ஆறு நாள் காய்ச்சல், வறட்டு இருமல். ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கவில்லை. மே 13-இல் பெரியவருக்குக் காய்ச்சல். 15-ஆம் தேதி வீட்டில் எல்லோருக்கும் ஆர்டி-பிசிஆர் எடுத்தார்கள். ஐந்து பேருக்குப் பாசிட்டிவ், பேத்திக்கு மட்டும் நெகட்டிவ். ஆச்சிக்கு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு உளைச்சலும். பேரனுக்கு ஒரு ராத்திரி காய்ச்சல், விடிந்ததும் கொல்லையில் மட்டையும் பந்துமாக நின்றான். மருமகளுக்குக் காய்ச்சலே இல்லை. "காபித்தூள் டப்பாவைத் தொறந்தேன் டாக்டர், ஒரு வாசமும் வரல. மறுநாள் வந்துட்டு." அவ்வளவுதான் அவருடைய கொரோனா.

பெரியவருக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எல்லோரும் தேறிவிட்டார் என்று நினைத்தார்கள். அந்த அலையில் நாங்கள் பயந்தது இந்த இடத்துக்குத்தான்: காய்ச்சல் விடும், ஏழாம் நாள் எட்டாம் நாள் மூச்சு இறங்கும், ஆளுக்கே தெரியாது. எட்டாம் நாளில்தான் நான் திண்ணையில் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுக்குள்ளேயே நாலு மணி நேரம் காத்திருந்து படுக்கை கிடைத்தது. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து ராக்கெட்டுக்கான திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்கு லாரியில் போன நாட்கள் அவை. லிம்போசைட் என்ற வெள்ளணு 8 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரோட்டீன் 124-க்கு ஏறியிருந்தது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 9.1, சிடி ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு 25-க்கு 16. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர், குப்புறப் படுக்கவைத்தல், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் வெளிவந்த பிறகு உலகம் முழுக்கக் கொடுத்தது இந்த அளவைத்தான். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களில் சாவை ஐந்தில் ஒரு பங்கும், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கும் அது குறைத்தது. ஸ்டீராய்டு ஏறியதும் சர்க்கரை 380-க்குப் போனது. இன்சுலின் போட்டுப் பிடித்தார்கள். வென்டிலேட்டர் வரை போகவில்லை. ஜூன் 8-இல் வீட்டுக்கு வந்தார். வாடகைக்கு எடுத்த கான்சன்ட்ரேட்டரை ஜூலை நடுவில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் ஆறு பேருக்கும் ஆன்டிபாடி பார்த்தோம், வைரஸின் உள்புரதமான நியூக்ளியோகாப்சிடுக்கு எதிரானதை. ஆறு பேருக்கும் பாசிட்டிவ். பிசிஆரில் தப்பிய பேத்திக்கும்தான்; வந்த சுவடு தெரியாமல் வந்து போயிருக்கிறது. எண்ணிக்கை அதிகம் இருந்தது பெரியவருக்கு, குறைவு மருமகளுக்கு. ஆன்டிபாடி கூட இருந்தால் பலம் என்று நினைக்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். கடுமையாகப் படுத்தவர்களுக்குக் கூடுதலாக வருவதுதான் வழக்கம்.

நான் சொன்னது

அந்த ரிப்போர்ட்டை வாங்க வந்த மருமகள் கேட்டார்: "எனக்கு ஏன் டாக்டர் ஒண்ணும் பண்ணல? மாமாக்கு நாந்தானே கஞ்சி ஊட்டினேன்?"

"பிள்ளைகளுக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகுமே, உங்களுக்கும் மாசம் ஒருக்கா தடுமம் வருமே. அந்தத் தடுமத்தில் சிலது இந்த வைரஸோட சொந்தக்கார வைரஸ்தான். அது உங்களைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றேன்.

'லாம்' போட்டுத்தான் சொன்னேன். தெருவுக்குப் போகும்போது அந்த 'லாம்' உதிர்ந்துவிட்டது.

தடுமத்தின் சொந்தக்காரர்கள்

சொன்னது கற்பனை இல்லை. மனிதருக்குச் சாதாரணச் சளியைத் தரும் கொரோனா வைரஸ்கள் நாலு. 229ஈ, ஓசி43 இரண்டும் 1960-களில் தெரிந்தவை. என்எல்63 2004-இலும் எச்கேயு1 2005-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. சளிக் காய்ச்சல்களில் 10 முதல் 30 சதவீதம் வரை இவற்றின் வேலை. இதில் ஓசி43-ம் எச்கேயு1-ம் கொரோனா நோயின் வைரஸ் சேர்ந்த அதே பீட்டா கொரோனா வைரஸ் வகையறா. பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூட வயதுக்குள் இவற்றைப் பார்த்துவிடுகிறார்கள், பெரியவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் பத்து ஆண்களின் ரத்தத்தை 1985 முதல் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் சேமித்துவைத்துப் பார்த்தார்கள். அதே வைரஸ் பன்னிரண்டு மாதம் கழித்தே மறுபடி தொற்றுவது சர்வசாதாரணமாக இருந்தது. ஆக, இந்த வைரஸ்களுக்கு எதிரான சக்தி தொற்றைத் தடுக்கிற சக்தி இல்லை. ஆனால் இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் சளி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கே தன்னார்வலர்களின் மூக்கில் 229ஈ-யை விட்டு, ஓராண்டு கழித்து அதையே மறுபடி விட்டபோது, முன்பு தொற்றியவர்களில் பலருக்கு மறுபடி தொற்றியது, சளி பிடிக்கவில்லை. வைரஸ் உள்ளே வரும், ஆளைப் படுக்கப் போடாது. நம் கேள்விக்கு அடியாதாரமே இந்த வித்தியாசம்தான்.

சொந்தம் எவ்வளவு நெருக்கம்? வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருப்பது முள் புரதம். 2003-இன் சார்ஸ் வைரஸின் முள் புரதமும் இந்த வைரஸின் முள் புரதமும் நாலில் மூன்று பங்கு ஒத்துப்போகும். சளி வைரஸ்களோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அண்ணன் தம்பி இல்லை, ஒரே குலதெய்வம் கும்பிடுகிற தூரத்துப் பங்காளி. அதிலும் முள்ளின் நுனி, அதாவது செல்லின் பூட்டில் நுழையும் சாவிப் பகுதி, அடியோடு வேறு. ஒத்துப்போவது முள்ளின் அடித்தண்டும் வைரஸின் உள்புரதங்களும். வைரஸை வாசலில் மறிக்கும் ஆன்டிபாடிக்கு வேண்டியது நுனி. வைரஸ் நுழைந்துவிட்ட செல்லைத் தேடி அழிக்கும் நோயெதிர்ப்பு அணுவான டி செல்லுக்கு உள்புரதத்தின் துண்டுகளே போதும்.

டி செல் பக்கத்தில் ஆதாரம் சீக்கிரமே வந்தது. அமெரிக்காவின் லா ஹோயாவில் 2015–18 காலத்தில், இந்த வைரஸ் பிறக்கும் முன்பே, சேமித்த ரத்தத்தில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு இதை அடையாளம் கண்டுகொள்ளும் டி செல்கள் இருந்தன. டெல்லியின் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் இந்திய ரத்தத்தில் பார்த்ததிலும், நோய் வராதவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இருந்தன. சிங்கப்பூரில் 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அந்த நினைவு அழியாமல், புதிய வைரஸின் நியூக்ளியோகாப்சிடையும் கண்டுகொண்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரி 2022 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு நம் வீட்டுக்கு நெருக்கமானது: நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த 52 பேரில், தொற்றாமல் தப்பிய 26 பேரிடம் இத்தகைய பழைய டி செல்கள் கூடுதலாக இருந்தன, அவையும் உள்புரதங்களைக் குறிவைத்தவை.

பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவேடுகளை வைத்து 2020 கடைசியில் வந்த ஆய்வுதான் என் வாயில் அன்று ஏறி உட்கார்ந்திருந்தது. முந்தைய ஆண்டுகளில் சளிக் கொரோனா வந்ததாகப் பதிவான நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் புதிய தொற்று ஒரே அளவில்தான் வந்தது. தீவிர சிகிச்சைக்குப் போனதும் இறந்ததும் மட்டும் பதிவானவர்களில் குறைவு.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. பென்சில்வேனியாவில் கொரோனாவுக்கு முந்தைய ரத்தத்தைப் பார்த்தபோது ஐந்தில் ஒருவருக்கு இந்த வைரஸைத் தொடும் பழைய ஆன்டிபாடி இருந்தது. அவை வைரஸை முடக்கவில்லை. வைத்திருந்தவர்களுக்குத் தொற்றும் குறையவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை. நோய் வந்ததும் சளி வைரஸ்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள்தான் இன்னும் ஏறின. உடம்பு பழைய பாடத்தையே சத்தமாக ஒப்பித்திருக்கிறது. இன்ஃபுளுவென்சாவில் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் பிரான்சிஸ் 1960-இல் இதைக் கண்டு, பைபிளின் ஆதிப் பாவத்தை நினைவூட்டும்படி 'ஒரிஜினல் ஆன்டிஜெனிக் சின்' என்று பெயர் வைத்தார். முதலில் பார்த்த வைரஸின் நினைவு, பின்னால் வருகிறதை எதிர்கொள்வதையும் வளைக்கும். ஆஸ்பத்திரியில் படுத்த நோயாளிகளிடம் ஓசி43, எச்கேயு1-க்கான பழைய ஆன்டிபாடி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு புதிய வைரஸின் முள்ளுக்கு எதிரானது மந்தமாக இருந்ததாகவும் ஆய்வு உண்டு. டி செல்லிலும் அப்படியே: ஜெர்மனியின் கீல் நகரில் பார்த்தபோது பழைய நினைவு செல்கள் பலவும் வைரஸை அரைகுறையாகத்தான் பற்றின, கடுமையாகப் படுத்தவர்களிடமும் அந்த மாதிரி தளர்ந்த பிடி செல்களே நிறைந்திருந்தன.

டெங்குவில் ஒரு வகை வந்தவருக்குப் பிறகு வேறொரு வகை வரும்போது பழைய ஆன்டிபாடியே நோயை முற்றவைக்கலாம் என்பது தெரிந்ததே. இதிலும் அப்படி ஆகுமோ என்ற பயம் 2020-இல் நிறையவே இருந்தது. சளிக் கொரோனாக்களால் அப்படி நடந்ததாகத் தெளிவான அறிகுறி வரவில்லை. "டெங்குவே பார்த்த உடம்பு, கொரோனா என்ன செய்யும்" என்று நம் பக்கம் சொன்னதற்கும் அடிப்படை கிடையாது. அது வேறு குடும்பம், பங்காளிகூட இல்லை.

அந்த வீட்டில் பொருத்திப் பார்த்தால்

மருமகள் கதை அழகாகத்தான் இருக்கிறது: டியூஷன் பிள்ளைகள், ஓயாத தடுமம், லேசான கொரோனா. ஆனால் அவர் 33 வயதுப் பெண், சர்க்கரை இல்லை. அந்த வயதில் தடுமமே அறியாத பெண்களிலும் பெரும்பாலோர் லேசாகத்தான் தேறியிருப்பார்கள். தடுமம் காப்பாற்றியதா வயது காப்பாற்றியதா என்று அவரை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. இந்த எளிய விஷயம் எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். நல்ல கதை கையில் இருந்தது, அதுதான்.

பார்க்க வேண்டிய ஆள் மருமகள் இல்லை, பெரியவர். செப்டம்பரில் அந்த வீட்டில் உட்கார்ந்து விசாரித்தேன். பேரன் மூன்று வயதிலிருந்து தாத்தா பாயில்தான் படுக்கிறான். அவனுக்குச் சளி வந்தால் மூன்றாம் நாள் தாத்தாவுக்கும் வரும். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் தும்முவாவ" என்று ஆச்சி சிரித்தார். வீட்டில் பிள்ளைகளின் தடுமத்தை அதிகம் வாங்கிய நெஞ்சு பெரியவருடையதுதான். தடுமம் மட்டுமே கவசமென்றால் முதலில் அவரைத்தான் அது காத்திருக்க வேண்டும்.

ஏன் காக்கவில்லை? பெர்லினில் பார்த்திருக்கிறார்கள்: இந்தக் குறுக்கு நினைவு டி செல்கள் தொற்றின்போதும் தடுப்பூசியின்போதும் கைகொடுக்கின்றன, ஆனால் வயது ஏற ஏறக் குறைந்துபோகின்றன. பல ஆண்டு கட்டுக்கடங்காத சர்க்கரை அதோடு சேர்ந்தது. உள்ளே போன வைரஸின் அளவும் ஒரு காரணமாயிருக்கலாம். காய்ச்சல் உச்சத்தில் இருந்த மகன் பக்கத்தில் நாலைந்து ராத்திரி படுத்தவர் அவர், டெங்கு அட்டையின் புண்ணியத்தில். கடுமையாகப் படுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, வைரஸை எதிர்க்க உடம்பு முதலில் சுரக்கும் இன்டர்ஃபெரானையே முடக்கும் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இருந்ததாக 2020-இல் தெரியவந்தது, வயதான ஆண்களில் அது கூடுதல். அதை இவரிடம் நாங்கள் சோதிக்கவில்லை. ஆச்சி அவரைவிட ஐந்து வயது இளையவர், சர்க்கரை இல்லை, பெண். மூன்றும் அவர் பக்கம்.

மரபணுவும் இதில் நுழைகிறது. எச்எல்ஏ-பி15:01 என்ற வகை இருப்பவர்களுக்கு அறிகுறியே இல்லாமல் கொரோனா போய்விடும் வாய்ப்பு அதிகம், இரண்டு பிரதியும் இருந்தால் எட்டு மடங்குக்கு மேல் என்று 2023-இல் வந்தது. சளி வைரஸின் ஒரு துண்டும் இந்த வைரஸின் ஒரு துண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, அந்த மரபணு இரண்டையும் டி செல்லுக்கு ஒன்றுபோலக் காட்டுகிறது. ஆக, தடுமம் சிலரை உண்மையிலேயே காக்கிறது. வந்த தடுமத்தின் கணக்கைவிட, அதை எந்த உடம்பு எப்படி நினைவில் வைத்தது என்பதே முக்கியம். அந்த ஆய்வுக்கு எடுத்தது வெள்ளையினத்தவரை மட்டும், திருநெல்வேலிக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாது.

நோய்க்கு முந்தைய ரத்தம் ஆறு பேரில் ஒருவருடையதும் நம்மிடம் இல்லை. டி செல்லைப் பார்க்க வேண்டுமென்றால் உயிருள்ள செல்லைச் சில மணி நேரத்துக்குள் பிரித்து உறையவைக்க வேண்டும், அந்த மே மாதத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் யார் செய்வது? இந்த வீடு எதையும் நிரூபிக்காது. நான் மருமகளிடம் சொன்னதை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது.

பிறகு

செப்டம்பர் 12 ஞாயிறு, மாநிலம் முழுக்க மெகா தடுப்பூசி முகாம். அந்தத் தெருமுனைப் பள்ளிக்கூடத்திலும் போட்டார்கள். மருமகளுக்குத் தொற்று வந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது, போட்டுக்கொள்ளலாம். செவிலியர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டபோது, "எனக்குத் தடுமமே காவல்னு டாக்டர் சொல்லியிருக்காவ" என்று அனுப்பிவிட்டாராம். அவரைப் பார்த்துத் தெருவில் இன்னும் மூன்று பெண்களும் போகவில்லை. செவிலியரே என்னிடம் வந்து, "நீங்க அப்படிச் சொன்னியளா டாக்டர்?" என்று கேட்டார். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த வாரம் போய்ப் பெரியவரின் பாயைக் காட்டித்தான் பேசினேன். அவர் முதல் ஊசியை அதே முகாமில் போட்டிருந்தார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்தபோது அவருக்கு மறுபடி தொற்றியது, நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலி. முதல் தடவையைவிடக் கூடுதல். பிப்ரவரியில் முதல் ஊசிச் சீட்டோடு வந்தார். கூட வந்த பேத்தி தும்மிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குத் தடுமம் டாக்டர். இது காக்கிற தடுமமா, சும்மா தடுமமா?" என்றார்.

தொண்டையைப் பார்த்தேன். சும்மா தடுமம் என்றேன்.